அப்பாவுக்கு ஒளி சிகிச்சை போதுமா, ரேடியேஷன் வேண்டாமா?

வாசகி ஒருவர் தன் அப்பாவைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டு சாரத்தை மட்டும் தருகிறேன்.

அப்பாவுக்கு 69 வயது. பல வருடம் புகைத்தவர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பதால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். சளியில் ரத்தக் கீற்று தெரிந்ததும் ப்ராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்திருக்கிறார்கள். வலது மூச்சுக்குழாய் கிளை பிரியும் இடத்தில், உள்சுவரின் மேல் சுமார் 8 மி.மீ. அளவுக்கு ஒரு தடிப்பு. பயாப்சியில் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் என்று வந்துவிட்டது. சிடி ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியவில்லை, நெறிகட்டிகளும் பெரிதாக இல்லை. மூச்சுத்திறன் குறைவாக இருப்பதால் ஆபரேஷன் தாங்காது என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு மருத்துவமனை ரேடியேஷன் கொடுக்கலாம் என்கிறது. இன்னொன்று, மருந்தை ஊசியில் போட்டு குழாய் வழியாக ஒளி பாய்ச்சும் சிகிச்சையை (ஃபோட்டோடைனமிக் தெரபி) சொல்கிறது. வாசகியின் தம்பி ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, "இது புதுக் கண்டுபிடிப்பு, பக்கவிளைவே கிடையாது, எந்தப் புற்றுநோயையும் கரைக்கும், ரேடியேஷன் பக்கமே போகாதே" என்கிறார். மார்பில் கட்டிக்கொள்ளும் சிவப்பு விளக்குப் பட்டை ஒன்றை வாங்கவும் சொல்கிறார். பித்தக்குழாய்ப் புற்றுநோய் உள்ள பெரியப்பாவுக்கும் இதையே செய்யலாமா என்பது இன்னொரு கேள்வி. இத்தனையும் நடக்கும்போது அப்பாவுக்குத் தெரிந்தது "சளி கட்டியிருக்கிறது" என்பது மட்டும்தான்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நல்ல செய்தி. நீங்கள் நகலெடுத்து அனுப்பிய அறிக்கைகளில் இருப்பதுபோல், மூச்சுக்குழாயின் உள்சுவரில், மேலோட்டமாக, 1 செ.மீ.க்குக் குறைவாக, ஆபரேஷனுக்கு வழியில்லாத ஒருவருக்கு வந்த புற்றுநோய் என்றால், ஒளி சிகிச்சைக்கு மிகவும் பொருந்தும் சில நிலைமைகளில் அதுவும் ஒன்று. அந்த இரண்டாவது மருத்துவமனை உங்களிடம் வாய்ப்பந்தல் போடவில்லை. ஆனால் உங்கள் தம்பி இந்தச் சிகிச்சையை நம்புவதற்குச் சொல்லும் காரணங்கள் ஏறக்குறைய எல்லாமே தவறு. தவறான காரணத்தோடு சரியான சிகிச்சைக்குள் போனால், அப்பாவுக்கு ஒரு சிரமம் வந்த மறுநாளே நம்பிக்கை போய்விடும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அப்பாவை நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

இதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: ஒளியை உறிஞ்சும் ஒரு மருந்து, அந்த மருந்துக்கேற்ற நிறத்தில் ஒளி, திசுவில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜன். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எதுவும் நடக்காது. அதிகம் பயன்பட்ட மருந்து போர்ஃபிமர் சோடியம். உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி. வீதம் ரத்தநாளத்தில் மெதுவாக ஏற்றுவார்கள். மருந்து உடம்பு முழுக்கப் பரவும். பிறகு பெரும்பாலான நல்ல திசுக்கள் அதை வெளியேற்றிவிட, கட்டியில் கூடுதலாகத் தங்கியிருக்கும். தோல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவையும் அதை வைத்துக்கொள்ளும். தோலை மறந்துவிடாதீர்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

ஊசி போட்ட 40 முதல் 50 மணி நேரத்துக்குள் ப்ராங்கோஸ்கோபி. அதன் உள்வழியாக ஒரு மெல்லிய கண்ணாடி இழையை விடுவார்கள். இழையின் நுனியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு, ஒளி பக்கவாட்டில் எல்லாத் திசையிலும் சமமாகக் கசியும்படி செய்திருக்கும். அந்த நுனியைக் கட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அல்லது கட்டி தடிமனாக இருந்தால் அதற்குள்ளேயே செருகி, 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரை இயக்குவார்கள். மூச்சுக்குழாய்க்கு வழக்கமான அளவு, இழை நுனியின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 200 ஜூல். ஒளி எரியும் நேரம் 8 நிமிடம் 20 விநாடி. இந்த லேசர் எதையும் சுடுவதில்லை, வெட்டுவதும் இல்லை. மருந்து ஒளியை வாங்கி, அந்தச் சக்தியைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. தூண்டப்பட்ட ஆக்சிஜன் கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சிறு பங்கு மட்டுமே உயிரோடிருக்கும். ஒரு செல்லின் அகலத்தைக்கூட அதனால் கடக்க முடியாது. ஆகவே உருவான இடத்திலேயே தாக்குகிறது. கட்டியின் செல்கள் சாகின்றன, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் அடைபடுகின்றன, அழற்சி கிளம்பி உடம்பின் எதிர்ப்புச் செல்களும் அங்கே வந்து சேர்கின்றன.

ஏன் சிவப்பு ஒளி என்று கேட்டிருந்தீர்கள். இருட்டறையில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். வெள்ளை ஒளியில் சிவப்பு மட்டும்தான் மறுபுறம் கொஞ்சம் தெரியும். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது. ஆனால் சிவப்புக்கும் எல்லை உண்டு. 630 நானோமீட்டர் ஒளியால் திசு சாவது சுமார் 5 முதல் 10 மி.மீ. ஆழம் வரைதான். இந்தச் சிகிச்சையின் பலமும் பலவீனமும் இந்த ஒரே கணக்கில் அடங்கியிருக்கின்றன. ஒளி எட்டும் இடத்தில் வேலை நடக்கும், எட்டாத இடத்தில் கட்டி அப்படியே இருக்கும். "எந்தப் புற்றுநோயையும் கரைக்கும்" என்ற பேச்சு இதோடு முடிந்துவிடுகிறது. எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்ட நோயில், ஒவ்வொரு இடத்துக்கும் இழையைக் கொண்டுபோக முடியாது.

புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. சாயம் கலந்த நீரில் இருந்த நுண்ணுயிர்கள் வெளிச்சம் பட்டதும் சாவதை மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் கவனித்தார். அமெரிக்காவின் பஃபலோ நகரில் தாமஸ் டோகர்ட்டி 1970களில் இதை நோயாளிகளிடம் கொண்டுவந்தார். போர்ஃபிமருக்கு 1993இல் கனடா முதல் அனுமதி கொடுத்தது. அமெரிக்கா 1995இல் உணவுக்குழாய் அடைப்புக்கும், 1998இல் உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது போன்ற ஆரம்பநிலை நுரையீரல் புற்றுநோய்க்கும் அனுமதித்தது. யாரும் இதை ஒளித்துவைக்கவில்லை. பொருத்தமானவர்கள் குறைவு, பழகிய மருத்துவர்களும் கருவியும் வேண்டும். பலர் கேள்விப்படாததற்குக் காரணம் அதுதான்.

ரேடியேஷனா ஒளியா என்பதற்கு முன்னால்

"இரண்டு மருத்துவமனையும் மாறி மாறிச் சொல்கின்றன, யாரை நம்புவது?" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. கட்டியின் ஆழம் தெரியாத வரைக்கும் இரண்டுமே நியாயமான யோசனைகள்தான். எது சரி என்பதை அந்த ஆழம் முடிவு செய்யும்.

சிடியில் எதுவும் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து "மேலோட்டமானது" என்று முடிவுகட்ட முடியாது. மூச்சுக்குழாயின் சுவரில் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. கட்டி அந்த அடுக்குக்கு உள்பக்கத்திலேயே நின்றிருக்கிறதா, தாண்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ப்ராங்கோஸ்கோபி வழியாகவே நுண்ணிய அல்ட்ராசவுண்ட் கருவியை விட்டு இதை அளக்கலாம். அப்பாவின் அறிக்கையில் அந்தப் பரிசோதனை இல்லை. நோய் வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று காட்டும் பெட் சிடி ஸ்கேனும் இல்லை. நெறிகட்டிகளில் நோய் இல்லை என்பதை உறுதிப்படுத்தாமல் ஒளி சிகிச்சைக்கு நாள் குறித்தால், மேலே கட்டி மறைந்து உள்ளே நோய் வளரும் அபாயம் உண்டு. இன்னொன்று, கட்டியின் கடைசி விளிம்பு வரை கேமராவில் தெரிய வேண்டும். விளிம்பு ஒரு சிறு கிளைக்குள் வளைந்து மறைந்திருந்தால், அங்கே ஒளி சரியாக விழுந்ததா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

கட்டி குருத்தெலும்பைத் தாண்டவில்லை, நெறிகட்டி சுத்தம், விளிம்பு முழுதும் தெரிகிறது என்றால், நோயை அடியோடு நீக்கும் எண்ணத்தோடேயே ஒளி சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கலாம். அப்பாவின் நிலையில் அதற்குப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு: மிச்சமிருக்கும் நுரையீரல் திசு கிட்டத்தட்ட முழுதாகத் தப்பிக்கும். மூச்சுக்குழாய் நடுப்பகுதிக்கு உயர் அளவு ரேடியேஷன் கொடுக்கும்போது பக்கத்திலிருக்கும் நுரையீரலும் பெரிய ரத்தக்குழாய்களும் கொஞ்சம் அடி வாங்கும். மூச்சு ஏற்கெனவே குறைந்தவருக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் மேலே சொன்ன மூன்றில் ஒன்று பிசகினாலும் ரேடியேஷன்தான் சரி, ஏனென்றால் அது ஆழத்துக்கும் போகும். தம்பி சொல்வதுபோல் ரேடியேஷனை எதிரியாக நினைக்காதீர்கள்.

ஒன்றைத் தேர்ந்தால் மற்றதன் கதவு மூடிவிடாது. ஒளி சிகிச்சைக்குப் பிறகு கட்டி மிஞ்சினால் மறுபடியும் ஒளி கொடுக்கலாம், ரேடியேஷனுக்கும் போகலாம். இடைவெளி மட்டும் முக்கியம்: ஒளிக்குப் பின் ரேடியேஷன் என்றால் 2 முதல் 4 வாரம், ரேடியேஷனுக்குப் பின் ஒளி என்றால் சுமார் 4 வாரம். உறைய வைத்து அழிப்பது, மூச்சுக்குழாய்க்கு உள்ளேயே கதிர்வீச்சு மூலத்தை வைப்பது போன்ற வழிகளும் இதே அளவுக் கட்டிகளுக்கு இருக்கின்றன. உங்கள் மருத்துவமனையில் எது கைப்பழக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். இதில் செய்கிறவரின் அனுபவத்துக்கு நிறைய மதிப்பு உண்டு.

பக்கவிளைவே இல்லையா?

வெட்டு இல்லை, தையல் இல்லை, முடி கொட்டாது. அது உண்மை. அதற்காகப் பக்கவிளைவு இல்லை என்பது உண்மையாகிவிடாது.

ஒளி பட்ட இடம் முதலில் வீங்கும். செத்த திசு கெட்டியான சளியோடு சேர்ந்து உரிந்து வரும். நல்ல நுரையீரல் உள்ளவர் இருமித் துப்பிவிடுவார். உங்கள் அப்பாவைப் போன்றவருக்கு அது மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளலாம். அதனால் 2, 3 நாளில் மறுபடியும் ப்ராங்கோஸ்கோபி செய்து செத்த திசுவை எடுத்துவிடுவது வழக்கம். "ஒரு தடவை குழாய் விட்டால் முடிந்தது" என்று எண்ணியிருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் ஆக்சிஜன் அளவைக் கவனிக்கும் வசதியுள்ள இடத்தில் அவர் இருப்பது நல்லது. கொஞ்சம் ரத்தம் கலந்த சளி, காய்ச்சல், நெஞ்சு வலி வரலாம். இருமும்போது புது ரத்தம் கணிசமாக வந்தாலோ, மூச்சுத்திணறல் திடீரென்று கூடினாலோ, இரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரிய ரத்தக்குழாயை அரிக்கும் கட்டிகளுக்கும், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை விழுந்தவர்களுக்கும், போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் இந்தச் சிகிச்சை கூடாது. மருத்துவருக்கு இது தெரிந்திருக்கும், ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

இனி அந்தத் தோல் விஷயம். போர்ஃபிமர் தோலில் குறைந்தது 30 நாள் தங்கும், சிலருக்கு 90 நாளையும் தாண்டும். அதுவரை வெயில் பட்டால் தோல் தீக்காயம் போலச் சிவந்து வீங்கும், கொப்புளம் வரும். இதில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன.

ஒன்று, வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீனை நம்புவது. அது புற ஊதாக் கதிரைத் தடுக்கும். இங்கே தொல்லை கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே. முழுக்கைச் சட்டை, கையுறை, அகல விளிம்புத் தொப்பி, அடர்ந்த கறுப்புக் கண்ணாடி, இவைதான் காப்பு. ஊசி போட்ட அன்றே இவற்றை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். திரும்பும் வழியிலேயே வெயில் இருக்கும்.

இரண்டு, நேர்மாறாக, ஜன்னலையெல்லாம் அடைத்து இருட்டறையில் போட்டுவிடுவது. அது கெடுதல். வீட்டுக்குள் சாதாரண விளக்கு வெளிச்சம் பட்டுப்பட்டுத்தான் தோலிலிருக்கும் மருந்து மெல்லச் செயலிழக்கும். டிவி பார்க்கலாம், விளக்கு போட்டுப் படிக்கலாம். நேரடி வெயில் விழும் ஜன்னலோரமும், முகத்துக்கு மிக அருகில் வைத்த பளிச்சென்ற விளக்கும்தான் கூடாது. பல் மருத்துவரின் விளக்கும் இதில் அடக்கம்.

மூன்று, 30 நாள் முடிந்ததும் நேரே வெயிலில் இறங்குவது. முதலில் கையில் ஒரு சிறு பகுதியை மட்டும் 10 நிமிடம் வெயிலில் காட்டி, 24 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். சிவப்போ வீக்கமோ கொப்புளமோ இல்லாவிட்டால் மெல்ல மெல்ல வெளியே போகலாம். முகத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

மருந்துச் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சுச் சளிக்கு அடிக்கடி எழுதப்படும் டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், ரத்த அழுத்தத்துக்கான தையசைட் வகை மாத்திரைகள் போன்றவை தோலின் ஒளிக்கூச்சத்தைக் கூட்டக்கூடியவை. அப்பாவுக்கு இந்த ஒரு மாதத்துக்குள் சளி அதிகமாகி வேறொரு மருத்துவரிடம் போக நேர்ந்தால், "ஒளி மருந்து ஊசி போட்டிருக்கிறோம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை ஒரே விரலில் மணிக்கணக்காக விட்டுவைக்காமல் மாற்றி மாற்றி மாட்டுவதும் நல்லது, அதிலும் சிவப்பு ஒளி இருக்கிறது.

ஒரு மாத வீட்டுச் சிறை அப்பாவுக்குக் கஷ்டம் என்றால், டாலாபோர்ஃபின் என்ற மருந்து கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஜப்பான் 2003இல் ஆரம்பநிலை நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதித்தது. ஊசி போட்ட சுமார் 4 மணி நேரத்தில் 664 நானோமீட்டர் ஒளி கொடுத்துவிடலாம், வெயில் கட்டுப்பாடும் ஏறக்குறைய 2 வாரம்தான். எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை.

சிவப்பு விளக்குப் பட்டையை வாங்காதீர்கள். மருந்து உடம்பில் இல்லாமல் ஒளிக்கு வேலை இல்லை. மருந்து இருந்தாலும், தோல், தசை, விலா எலும்பு எல்லாம் தாண்டி மூச்சுக்குழாய்க்கு அந்த ஒளி போய்ச் சேராது. மருந்து போட்ட பிறகு அந்தப் பட்டையைக் கட்டினால் மார்புத் தோல் வெந்துபோகும். புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணுக்கு மென்மையான சிவப்பு ஒளியை மருத்துவமனைகளில் பயன்படுத்துவது உண்மைதான், அது கட்டியை அழிப்பதற்கில்லை. தம்பி அனுப்பிய காணொளியில் வரும், உடம்புக்குள் பதிக்கும் குட்டி எல்இடிகளும், வெளியிலிருந்து வரும் அகச்சிவப்பை உள்ளே சிவப்பாக மாற்றும் நானோ துகள்களும் ஆய்வுக்கூடத்தில் நடக்கும் வேலைகள். அவற்றின் மேல் எனக்கும் நிறைய நம்பிக்கை உண்டு. அப்பாவின் கட்டி அதுவரை காத்திருக்காது.

பெரியப்பாவுக்கு

பித்தக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஸ்டென்டோடு (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) சேர்த்து ஒளி சிகிச்சை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2003இல் வெளிவந்த, 39 பேரைக் கொண்ட ஆய்வில், ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 98 நாள், ஒளியும் சேர்த்தவர்களுக்கு 493 நாள். காணொளி இதைத்தான் காட்டுகிறது. அதன் பிறகு பிரிட்டனில் 92 பேரை வைத்து நடந்த ஆய்வில் முடிவு தலைகீழாக வந்ததை அது சொல்லவில்லை: ஒளி சேர்த்தவர்களுக்கு 6.2 மாதம், ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்களுக்கு 9.8 மாதம். இரண்டாவது குழுவில் அதிகம் பேர் பிறகு கீமோ எடுத்துக்கொண்டது ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியானாலும், பெரியப்பாவின் கீமோவைத் தள்ளிப்போட்டு இதற்கு அலைய வேண்டாம் என்பதே என் கருத்து. பித்தம் சரியாக வடிகிறதா, கீமோ தாங்குமா என்பதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்பாவிடம் சொல்லாமல் செய்ய முடியுமா

முடியாது. செய்யவும் கூடாது. நினைவு தெளிவாக இருக்கும் ஒருவரின் உடம்பில் என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர் அறிந்து சம்மதிக்க வேண்டும். அது அவருடைய உரிமை. பயப்படுவாரே என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தச் சிகிச்சையில் பாதி வேலை நோயாளியுடையது. "சளிக்கு ஊசி" என்று சொல்லிவைத்தவரிடம், ஒரு மாதம் பகலில் வெளியே போகாதே, கையுறை போடு என்று எப்படிச் சொல்வீர்கள்? காலையில் நீங்கள் அசந்த நேரம் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார். முகம் கொப்புளித்த பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கொடுமை. புகையையும் அவர் முழுசாக விட்டாக வேண்டும். புகைத்த மூச்சுக்குழாயில் இன்னோரிடத்தில் புதிதாகக் கட்டி வரும் வாய்ப்பு இருப்பதால், கட்டி மறைந்த பிறகும் வருடக்கணக்கில் ப்ராங்கோஸ்கோபிக்கு வர வேண்டியிருக்கும். காரணம் தெரியாத ஒருவரிடம் இதையெல்லாம் வாங்க முடியாது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அப்பாவையும் உள்ளே அழைத்துப் போங்கள். "உங்களுக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்?" என்று முதலில் அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் பாதி ஊகித்துவைத்திருப்பார்கள். பெயரை மருத்துவர் சொல்லட்டும், பக்கத்தில் நீங்கள் இருங்கள். ஆரம்பத்திலேயே பிடிபட்டிருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லட்டும். அதற்கு முன்பாகவே அல்ட்ராசவுண்டும் பெட் சிடியும் முடிந்திருந்தால், "என்ன செய்யலாம்" என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் இருக்கும். எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு மாதம் அடைந்து கிடக்க என்னால் ஆகாது, ரேடியேஷனே போதும் என்று அவர் சொன்னால், அது தோல்வி இல்லை. அவர் அறிந்து எடுத்த முடிவு. ரேடியேஷன் பிரிவில் அந்த வாரமே நாள் வாங்கிவிடுங்கள்.